கிறைலான் பெயின்ற் ஸ்ரிக்: ஒரே இரவில் மூன்று முகம் போடும் நடிகருக்கு

கிறைலான் பெயின்ற் ஸ்ரிக் என்னும் முகப்பூச்சுக் குழலைப் பற்றிய இந்த மதிப்புரை ராஜபார்ட் போடுபவருக்குப் பெரிதாக உதவாது. அவர் கதிரையில் அமர்ந்தால் ஒப்பனைக்காரர் வந்து முகம் எழுதுவார். மங்களம் பாடும்வரை அதே முகத்தோடு நிற்பார். மந்திரியாக வந்து, முனிவராக மாறி, கடைசிக் காட்சியில் சேவகனாகவும் ஓடவேண்டிய நடிகருக்குத்தான் இது. யாழ்ப்பாணத்தில் துணைப் பாத்திரம் செய்பவரின் நாட்குறிப்பைப் பார்த்தால் விளங்கும். இந்தக் கிழமை கோயில் திருவிழாவில் இசைநாடகம். அடுத்த கிழமை வீரசிங்கம் மண்டபத்தில் நவீன நாடகம். பிறகு யாரோ ஒரு பெடியன் எடுக்கும் குறும்படத்தில் தேத்தண்ணிக் கடைக்காரர். நடுவில் தொலைக்காட்சித் தொடரொன்றில் இரண்டு காட்சி. இந்த நான்கிலும் அவருக்கென்று ஓர் ஒப்பனைக்காரர் நிற்கமாட்டார். நாயகிக்கு முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவர் வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே சொந்தப் பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டியில் முதலில் வைக்கவேண்டியது எது என்று கேட்டால், பெரும்பாலானோர் கைகாட்டுவது பெர்லினில் 1945 இல் தொடங்கிய கிறைலான் நிறுவனத்தின் ‘ரிவி பெயின்ற் ஸ்ரிக்’. 25 கிராம் குழல். உதட்டுச் சாயம்போலத் திருகினால் மேலே வரும். கலியாணப் பெண்களுக்கும் இதையே பூசுகிறார்கள் என்பதால் மணப்பெண் அலங்காரம் செய்பவர்களிடமும் இருக்கும். ஆனால் மணப்பெண்ணுக்கு நல்லது நடிகருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மணப்பெண்ணின் முகம் காலையிலிருந்து மாலைவரை மாறாமல் இருக்கவேண்டும். துணை நடிகரின் முகம் அரைமணிக்கொருதரம் மாறவேண்டும். எவ்வளவு வழுவழுப்பாக ஏறுகிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு சுருக்காக இன்னொரு முகமாக மாற்றலாம் என்ற ஒரே கேள்வியோடுதான் இங்கே பார்க்கிறோம்.

அளவு முதலில். மேடை முகம் ஒன்றுக்கு, கழுத்தும் காதும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு கிராம் போகும். கமராவுக்கு அதில் பாதியும் வேண்டாம். அப்படியென்றால் ஒரு குழலில் பன்னிரண்டு மேடை முகம் எடுக்கலாம். விலையைப் பார்த்து நெஞ்சைப் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். நிறம் இரண்டு போதும்: ஒன்று உங்கள் கழுத்தின் நிறம், மற்றது அதைவிட இரண்டு படி கறுப்பு. கிறைலானின் நிற எண்களில் எஃப்எஸ் 38 நடுத்தர நிறக்காரருக்கும், எஃப்எஸ் 45 அதைவிடக் கறுத்தவருக்கும் பெரும்பாலும் ஒத்துவரும். தோதான நிறத்தைப் புறங்கையில் பூசிப் பார்க்கிறார்கள், அது பிழை. புறங்கை வெயிலில் கறுத்தது. தாடையின் கீழே, கழுத்தோடு சேரும் இடத்தில் ஒரு கோடு இழுத்து, வெளியே வெளிச்சத்தில் பார்த்தால் கோடு மறையவேண்டும். அதுதான் உங்கள் நிறம்.

பூசும் முறையில் நமது ஆட்களிடம் ஒரு பழைய பழக்கம் தடையாக நிற்கிறது. முத்துவெள்ளை பூசிய காலத்தில் முதலில் முகமெல்லாம் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல் நிறத்தைக் குழைத்து இழுத்தார்கள். முத்துவெள்ளை தூள் என்பதால் எண்ணெய் இல்லாமல் பிடிக்காது. பெயின்ற் ஸ்ரிக்கிலோ எண்ணெயும் மெழுகும் ஏற்கெனவே இருக்கின்றன. அதன்கீழ் இன்னும் எண்ணெய் வைத்தால் இரண்டாம் பாட்டுக்கே மூக்கோரம் வழுக்கி இறங்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் ஒற்றி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை நெற்றியிலும் மேலுதட்டிலும் இரண்டு நிமிடம் வைத்தால் வியர்வை கொஞ்சம் பிந்தும். பிறகு நெற்றியில் இரண்டு கோடு, கன்னத்துக்கு ஒவ்வொன்று, மூக்குக்கும் நாடிக்கும் ஒவ்வொன்று. ஸ்பொஞ்சை நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி பிழிந்து, ஒற்றி ஒற்றிப் பரப்பவேண்டும். தேய்த்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தோல் தெரியும். கை கூப்பி நிற்பதே வேலையாக இருக்கும் தூதன் கைகளுக்குப் பூச மறந்துவிடுவார். முகம் ஒரு ஆளுக்கும் கை இன்னொரு ஆளுக்கும் சொந்தம் என்பதுபோல் பின்வரிசைக்கும் தெரியும்.

அதன்மேல் பவுடர். இது இல்லாத பெயின்ற் ஸ்ரிக் பாதி வேலைதான். நிறமற்ற பவுடரை பஞ்சில் எடுத்து, மடித்துத் தேய்த்து உள்ளே இறக்கி, முகத்தில் அழுத்தவேண்டும். மூன்று நிமிடம் சும்மா இருக்கவேண்டும். மிச்சத்தைத் தூரிகையால் தட்டி எறிந்து, ஈர ஸ்பொஞ்சால் ஒருதரம் ஒற்றினால் மாப்பிடித்த தோற்றம் போய்விடும். நல்லூர்த் திருவிழாக் காலத்து வெக்கையில் இதை இரண்டு தடவை செய்யவேண்டும். பவுடர் போடாத முகம் மினுங்குவது ஒருபுறம் இருக்க, வாடகைக்கு எடுத்த சரிகை உடுப்பின் கழுத்தில் நிறம் ஏறும். உடுப்புக்காரர் முற்பணத்தில் கைவைப்பார்.

இனி முக்கியமான இடம். அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தை எடுத்துக்கொள்வோம். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசுவார்கள். அந்தக் கதையைத் தூக்கி நிறுத்துவதோ கடன் வசூலிக்க வரும் நட்சத்திரேசன், சந்திரமதியை விலைக்கு வாங்கும் காலகண்டர், சுடலைக்கு உரிய வீரவாகு ஆகியோர். ஆள் குறைந்த சபையில் நட்சத்திரேசனும் வீரவாகுவும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கிடைப்பது இரண்டு பாட்டு, ஒரு தர்க்கம். அந்த நேரத்தில் முகத்தைக் கழுவி மீண்டும் பூச நினைப்பவர் தோற்றுவிடுவார். கழுவக்கூடாது, கூட்டிக்கொண்டே போகவேண்டும். வெளிறிய முகம் முதலில், கறுத்த முகம் பிறகு. இளமை முதலில், முதுமை பிறகு. நட்சத்திரேசனுக்குச் சொந்த நிறத்தை மெல்லிதாகப் போட்டு பவுடர் அடித்து வைத்தால், வீரவாகுவுக்கு இரண்டு படி கறுத்த நிறத்தை அதன்மேலேயே ஒற்றிவிடலாம். புருவத்தை 071 என்ற எண்ணுள்ள கறுப்பால் தடிப்பாக்கினால் முடிந்தது. பயின்ற கைக்கு நான்கு நிமிடம். பெயின்ற் ஸ்ரிக் இந்த இடத்தில் நன்றாகத் தேறுகிறது: ஒரு படை பவுடரில் இறுகினால் அடுத்த படை அதைக் கலைக்காமல் மேலே உட்காரும். மூன்று படைக்கு மேல் போனால்தான் தடித்துத் தோல்போல் உரியத் தொடங்கும். ஆகவே இரண்டு நிறமாற்றம்தான் எல்லை. எமன்போல முழுச் சிவப்பு முகம் ஒன்றிருந்தால் அது அந்த நடிகரின் கடைசி வேடமாக இருக்கவேண்டும். சிவப்பைத் துடைத்து மறுபடி ஐயராக வரலாம் என்று நாடகம் பழக்கும் அண்ணாவியார் சொன்னால், பாத்திரம் பிரிக்கும் நாளிலேயே மறுத்துவிடுங்கள்.

முதுமைக்கு நரைதான் எல்லோரையும் ஏமாற்றும். குழந்தைப் பவுடரைத் தலையில் கொட்டுவது சுலபம். விருத்தர் தலையை ஆட்டிய முதல் ஆட்டத்தில் அது தோளில் இறங்கிவிடும். வெள்ளை நிறக் குழலை ஒரு பழைய பல்துலக்கியில் தேய்த்து, மயிரின் போக்குக்கு எதிராக ஒருதரமும் போக்கோடு ஒருதரமும் இழுத்தால் அடிமயிர் கறுப்பாகவே நின்று மேல்மட்டும் நரைக்கும். காதோரம் தொடங்கி மேலே போகப்போகக் குறைக்கவேண்டும். சுருக்கத்துக்குக் கறுப்புக் கோடு போடாதீர்கள். முகத்தைச் சுளித்து, சுளிக்கும் மடிப்புக்குள் கடும் மண்ணிறத்தை வைத்து, கோட்டின் ஒரு விளிம்பை மட்டும் விரலால் கரைத்து, மறுபக்கம் மெல்லிய வெளிர் கோடு. இரு விளிம்பையும் கரைத்தால் அழுக்கு. கரைக்காமல் விட்டால் கோலம்.

தாடி மீசைக்கு பெயின்ற் ஸ்ரிக் எதிரி. இதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மேடையில் கழன்று விழும் மீசைகளில் பெரும்பாலானவை கோந்தின் பிழையால் விழுவதில்லை. முகம் முழுவதும் நிறமும் பவுடரும் பூசிவிட்டு அதன்மேல் ஸ்பிறிற் கம் என்னும் மயிர் ஒட்டும் கோந்தைத் தடவினால் கோந்து பிடிப்பது தோலை அல்ல, மெழுகை. வியர்வை வந்ததும் மெழுகோடு சேர்ந்து எழும்பும். மீசை வரும் இடத்தையும் நாடியையும் வெறுந்தோலாக விட்டு, முதலில் மயிரை ஒட்டி, கடைசியில் விளிம்புவரை நிறத்தைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். சவரம் மூன்று நான்கு மணித்தியாலம் முன்னரே முடிந்திருக்கவேண்டும். புதுச் சவரத்தில் ஸ்பிறிற் கம் பட்டால் கண்ணீர் வரும்.

தாடி மீசை ஒட்டப் பின்னலாக வரும் கிறேப் மயிர் சுருண்டிருக்கும். தேவையான நீளத்தை அவிழ்த்து, நனைத்து, இரண்டு கதிரைக் கால்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி இரவு விட்டால் காலையில் அளவாக நேராகும். முனிவருக்கு நான்கு அங்குலம், மந்திரிக்கு இரண்டு. ஒரே நிறத்தில் ஒட்டினால் பொம்மைத் தாடி. கறுப்போடு மண்ணிறம் ஒரு பங்கு கலந்தால் மயிராகத் தெரியும். கோந்தை மெல்லிதாகப் பூசி, விரல்நுனியால் தட்டித் தட்டி, விரலில் பிசுபிசுக்கத் தொடங்கும்வரை பொறுக்கவேண்டும். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். ஈரமாக இருக்கும்போது மயிரை வைத்தால் மயிரின் ஊடாகக் கோந்து ஏறி வெள்ளையாக மினுங்கும். நாடியின் கீழிருந்து தொடங்கி, கிடுகு வேய்வதுபோல் ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் தலையை மூடும்படி மேலே வரவேண்டும். ஈரத் துணியால் ஒவ்வொரு வரிசையையும் அழுத்துங்கள்.

பாடும் நடிகருக்கு இன்னொரு நுணுக்கம். இசைநாடகத்தில் மேல்ஸ்தாயியில் வாய் முழுதாகத் திறக்கும். ஒரே துண்டு மீசை அப்போது இரண்டு ஓரத்திலும் எழும்பும். மீசையை மூக்கின் நேர்கீழே இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டினால் ஒவ்வொரு பாதியும் தன்பாட்டில் அசையும். வாயின் கடைக்கோடியில் மூன்று நான்கு மில்லிமீற்றருக்குக் கோந்து வேண்டாம். பபூனுக்கும் இதே விதி. அவர் பாடுவதைவிடக் கூடுதலாகச் சிரிக்கவேண்டியவர்.

கழற்றும்போது இழுக்கக்கூடாது. ஸ்பிறிற் கம் மதுசாரத்தில் கரைந்த பிசின், ஆகவே மதுசாரத்தில்தான் திரும்பக் கரையும். அதற்கென்று விற்கும் கரைப்பான் எண்ணெயும் சேர்ந்தது, தோலுக்கு இதம். அது கிடைக்காவிட்டால் பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிறிற்றைத் தூரிகையில் தோய்த்து விளிம்புக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பொறுத்தால் தானாகக் கிளம்பும். தின்னரும் பெற்றோலும் முகத்துக்கு ஆகாதவை. அவற்றைத் தொடுபவரை ஒப்பனை அறைக்குள் விடாதீர்கள். இன்னொன்றும் மறக்கவேண்டாம்: கோந்தும் கரைப்பானும் தீப்பிடிப்பவை. மயானக் காட்சிக்கு மேடையோரம் பந்தமும் கர்ப்பூரமும் ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்கும் திறந்த போத்தலுக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கட்டும். கோந்து ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு. முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு பூசி ஒருநாள் பார்த்தபின்தான் முகத்துக்குப் போகலாம்.

யாழ்ப்பாணத்துக் கலை அமைப்பான திருமறைக் கலாமன்றம் 1965 இல் மரியசேவியர் அடிகளாரால் தொடங்கப்பட்டது. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அதன் திருப்பாடுகளின் நாடகங்கள் போன்ற பெரிய மேடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாடி என்றால் ஒன்றிரண்டு அல்ல: சீடர்கள், பரிசேயர், மதகுருக்கள். இப்படியான கூட்டத்துக்கு ஒவ்வொன்றாக மயிர் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. வலையில் பின்னிய ஆயத்தத் தாடிதான் வழி. முன்வரிசைச் சீடர் மூவருக்குக் கையால் ஒட்டி, மற்றவர்களுக்கு வலைத்தாடி கொடுங்கள். வலையின் விளிம்பில் மட்டும் கோந்து. நாடகம் முடிந்த அன்றிரவே வலையைக் கரைப்பானில் அலசாவிட்டால் அடுத்த வருடம் அது காய்ந்த இலைபோல் உடையும்.

கமராவுக்கு வந்தால் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடவேண்டும். மேடையில் பத்து மீற்றர் தூரத்துக்கு எழுதிய சுருக்கம், கிட்டக் காட்சியில் பென்சில் கோடாகவே தெரியும். குறும்படத்துக்கு முழுமுகப் பூச்சு வேண்டாம். கண்ணின் கீழ் கருவளையம், மூக்கோரச் சிவப்பு, தாடையில் திட்டு: இந்த மூன்று இடத்தில் விரல்நுனியால் தொட்டுக் கரைத்து, நெற்றியின் மினுக்கத்துக்குக் கொஞ்சம் பவுடர். தேத்தண்ணிக் கடைக்காரருக்கு மினுக்கம் வேண்டுமென்றே விடலாம், இயக்குநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரிவி தொடரில் வரும் வில்லங்கம் வேறு. முதல்நாள் வாசலுக்குள் நுழையும் காட்சி, ஒன்பதாம் நாள் அதே காட்சியின் உள்வீட்டுப் பகுதி. நாயகனின் முகத்தை ஒருவர் குறித்து வைத்திருப்பார். பெரியப்பாவின் முகத்தை யாரும் குறிக்கமாட்டார்கள். நிற எண், கலந்த பங்கு, நரை எதுவரை, பொட்டு எந்த உயரத்தில் என்று பெட்டியின் மூடியில் எழுதி, நேரே ஒன்றும் பக்கவாட்டில் இரண்டுமாகப் படம் எடுத்து வையுங்கள். டெல்லி கணேஷ் நாடகத்திலிருந்து 1977 இல் ‘பட்டினப் பிரவேசம்’ மூலம் சினிமாவுக்கு வந்து, நூற்றுக்கணக்கான படங்களில் அப்பாவும் சித்தப்பாவும் அயல்வீட்டாருமாக நின்று, தொலைக்காட்சியிலும் தொடர்ந்தவர். அப்படி மூன்று இடத்திலும் நிற்க ஆசைப்படுபவர் தன் முகத்தின் கணக்கைத் தானே வைத்திருப்பது நல்லது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய மஞ்சள் லைற்றின்கீழ் இதமாக நின்ற நிறம், இப்போதைய வெள்ளை எல்ஈடி லைற்றின்கீழ் சாம்பல் பூத்துப்போகும். எல்ஈடி மேடைக்குக் கன்னத்திலும் மூக்குநுனியிலும் கொஞ்சம் செம்மண் நிறம் கூட்டினால் உயிர் வரும். ஒப்பனை அறையில் மஞ்சள் குமிழும் மேடையில் வெள்ளையும் இருந்தால், எழுதியபின் மேடைக்குப் போய் நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லாமல் உடுப்புப் போடவேண்டாம்.

சிறுவர் நாடகத்தில் விலங்கு முகத்துக்கு இந்தக் குழல் சரிவராது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் சிறுவர் அரங்கு ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் பாடமாகவும் இருக்கிறது. முயலும் குரங்கும் எழுதும் தேவை ஓயாது. அதற்குத் தண்ணீரில் கரையும் வர்ணம் வாங்குங்கள். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். பிள்ளை அழாமல் வீடு போகும். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்குப் போஸ்ரர் வர்ணத்தை முகத்தில் பூசும் வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. கடதாசிக்குச் செய்தது கடதாசியோடு நிற்கட்டும்.

முத்துவெள்ளையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது துத்தநாக ஒக்சைட்; மலிவு, எண்ணெயில் வரும், எண்ணெயில் போகும். திறந்த வீதியில் பின்னால் நிற்பவருக்கும் முகம் தெரியவேண்டுமென்றால் தென்மோடிக் கூத்துக்கு அது இன்றும் கைகொடுக்கும். அரிதாரம் மட்டும் வேண்டாம். மஞ்சள் நிறத்துக்காகப் பழைய ஆட்கள் பூசிய அந்தக் கல்லில் இருப்பது ஆசனிக்கு என்னும் நஞ்சு.

ஒரு சபைக்கு ஒரு குழல் வாங்கி இருபது முகத்தில் நேரடியாகத் தேய்ப்பது நடக்கிறது. கண்நோயும் தோல்நோயும் அப்படித்தான் ஒரே கிழமையில் சபை முழுவதும் சுற்றும். ஐஸ்கிறீம் குச்சியால் ஒவ்வொருவருக்கும் சுரண்டி பீங்கானில் வையுங்கள். கண்மை யாரோடும் பங்கில்லை. ஸ்பொஞ்ச் அவரவருடையது, அன்றன்றே சவர்க்காரத்தில் கழுவிக் காயவைக்கவேண்டியது.

இரவு முகம் கழற்ற, தேங்காயெண்ணெய்தான் இன்னும் முதல்தரம். இரண்டு தேக்கரண்டி எடுத்து, வறண்ட கையால் வறண்ட முகத்தில் சுழற்றி, பழைய சாரத் துண்டால் துடைத்தபின் சவர்க்காரம். தண்ணீரை முதலில் ஊற்றினால் மெழுகு இறுகும். பிறகு அரைமணி நேரம் தேய்க்கவேண்டும்.

குழலைத் தகரக் கொட்டகையின்கீழோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ விட்டால் இளகி, மூடிக்குள் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நிழலான இடமே போதும். நாடகத்துக்குப் போகும்வழியில் ஈரத் துணியில் சுற்றிய டப்பாவுக்குள் வையுங்கள். இளகியதைத் திருகினால் முறியும். பிரிட்ஜில் அரைமணி வைத்துவிட்டுத் திருகலாம்.

கையில் காசு குறைவென்றால் வாங்கும் வரிசை இது: சொந்த நிறக் குழல், நிறமற்ற பவுடர், ஸ்பிறிற் கம்மும் கரைப்பானும், பிறகு கறுத்த நிறம், கறுப்பு, வெள்ளை. கிறேப் மயிரைக் கடைசியில் வாங்கலாம். ஒரு முழம் இரண்டு தாடிக்கு வரும். பெயர்பெற்ற பொருள் என்பதால் போலியும் உலாவுகிறது. திருகும்போது நடுங்கினால், மணம் மலிவான சென்ற்போல் தூக்கினால் திருப்பிக் கொடுங்கள். திறந்து பார்க்க விடாத கடையில், மலிவாக இருந்தாலும், வாங்கவேண்டாம்.